ஆஃப் செய்தும் மினுங்கும் டவுன்லைட்

லைட்டை மாற்ற வேண்டாம். புது ஃபால்ஸ் சீலிங்கில் சுவிட்சை ஆஃப் செய்தும் எல்இடி மங்கலாக எரிகிறதென்றால், பெரும்பாலும் சுவிட்சை பேஸுக்குப் (கரண்ட் வரும் ஒயர்) பதில் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் ஒயர்) கொடுத்திருப்பார்கள். அவசரத்தில் ஒயர் இழுத்த வீடுகளில் சகஜம்.

சுவிட்ச் பிளேட்டைக் கழற்றி, சுவிட்சை ஆனில் வைத்து, அதன் இரண்டு ஸ்க்ரூவிலும் டெஸ்டர் வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் பேஸ், சரி. இரண்டிலுமே எரியாவிட்டால் நியூட்ரல்தான். பேஸை சுவிட்சுக்கும் நியூட்ரலை நேராக லைட்டுக்கும் மாற்றச் சொல்லுங்கள்.

பேஸ் சரியாக இருந்தும் மினுங்கினால், சுவிட்சிலேயே குட்டி இண்டிகேட்டர் இருக்கிறதா பாருங்கள். அதன் வழியாகக் கசியும் கரண்டே சின்ன எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போடுங்கள்.

நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால், ஆஃப் செய்தாலும் லைட் வரை 230 வோல்ட் நிற்கும். மெயினை இறக்காமல் மேலே கை வைக்காதீர்கள்.