கணக்கில் உங்கள் தையல் மெஷின் எங்கே?

கேள்வி: கோவை வடவள்ளியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, கைக்கு 62,000 வருகிறது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் 95,000 தருவதாக ஒரு வேலை வந்திருக்கிறது. அங்கே இரண்டு பெட்ரூம் வீடு 28,000, மெயின்டெனன்ஸ் 3,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் 11,000 வரும், எல்லாம் போக மாதம் 13,000 மிச்சம் என்கிறார். பையன் நாலாம் வகுப்பு. இங்கே பள்ளிக் கட்டணம் வருடம் 55,000, அங்கே 1,30,000. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். 68 வயது அத்தையும் எங்களோடு இருக்கிறார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், பிளவுஸ் தைப்பதில் மாதம் 12,000 போல வரும். போகலாமா?
– வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை அந்தச் 'சும்மா'. மாதம் 12,000 சம்பாதிக்கிற ஒருவர் சும்மா இருப்பதாக எழுதுகிறார், வீட்டில் போட்ட கணக்கிலும் அந்தப் பணம் ஒரு வரியாகக்கூட வரவில்லை. வடவள்ளியில் உங்களைத் தேடி வருகிறவர்கள் பல வருடமாக அளவு கொடுத்துப் பழகியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வந்தவர்கள். அவர்களை மூட்டை கட்டி லாரியில் ஏற்ற முடியாது. ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்டில் யாரையும் தெரியாமல் முதல் பிளவுஸ் வந்து சேரவே ஆறு மாதம் ஆகலாம்.

அதனால் கணக்கைத் திரும்பப் போடுவோம். சம்பளத்தில் கூடுவது 33,000, உங்கள் வீட்டு வாடகை 11,000, ஆக 44,000. அங்கே வாடகையும் மெயின்டெனன்ஸும் 31,000 போனால் அவர் சொல்கிற 13,000 நிற்கும், அதுவரை சரி. அதில் உங்கள் 12,000 போனால் மிச்சம் ஆயிரம் ரூபாய். பள்ளிக் கட்டணத்தில் கூடுகிற 75,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,250. ஊர் மாறிய பிறகு மாதம் 5,250 கையிலிருந்து போகிறது, இன்னும் ஸ்கூல் வேன், பண்டிகைக்கு நாலு பேர் ஊருக்கு வந்து போகிற செலவு எதையும் நான் சேர்க்கவே இல்லை. ஒன்றரை லட்சம் அட்வான்ஸும் வட்டியில்லாமல் முடங்கும். நான் நாலு வருடம் பெங்களூரில் வாடகைக்கு இருந்தவள், வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை ஓனர் பிடித்துக்கொண்டார். அக்ரிமென்டில் அந்த வரி இருந்தது, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். நீங்கள் படித்துவிட்டுப் போடுங்கள்.

அந்த ஊர் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வருடத்தில் முக்கால்வாசி நாள் ஏ.சி. தேவைப்படாது. அங்கே கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரைக்கும் வீட்டு மின்சாரத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம் (வீட்டின் பழைய சராசரி மின் செலவை வைத்துத்தான் அளவு போடுவார்கள் என்பதைக் கவனியுங்கள்). பெண்களுக்கு அரசு பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அட்டை வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை பர்ப்பிள் லைன் மெட்ரோ முழுதாக ஓடுகிறது, ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்தால் நாளில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும். ஐந்தாயிரம் குறைவான வாடகைக்கு ஆசைப்பட்டு உள்ளே தள்ளிப் போனால் அந்த நேரம் ரோட்டில் போய்விடும்.

தண்ணீர் விஷயம் தனி. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்குக் குழாயைத் திறக்கும்போது யோசிக்கிற பழக்கம் கிடையாது. பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வர வேண்டும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது ஒயிட்ஃபீல்டு இருக்கிற மகாதேவபுரா பக்கம்தான் மோசமாக அடிபட்டது, லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதில் நிலைமை மாறியிருக்கிறது, என்றாலும் வீடு பார்க்கும்போது ஓனரை விட்டுவிட்டு வாட்ச்மேனைக் கேளுங்கள்: காவிரி கனெக்‌ஷன் இருக்கிறதா, மார்ச், ஏப்ரலில் வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறது, அந்தக் காசு மெயின்டெனன்ஸில் அடக்கமா.

பையனுக்குக் கன்னடம் ஒரு பாடமாக வரும், 2015-இல் வந்த சட்டம் அது. ஐந்தாம் வகுப்பில் புது எழுத்தைத் தொடங்குவது முடியாத காரியமில்லை, ஆனால் முதல் வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க உங்களுக்கும் தெரியாது, டியூஷன்தான் வைக்க வேண்டும். வண்டியை எடுத்துப் போனால் 12 மாதத்துக்கு மேல் அந்த மாநிலத்தில் ஓட்டுவதற்குப் பதிவை மாற்றி, அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். பழைய வண்டி என்றால் இங்கேயே விற்றுவிடுங்கள்.

என் யோசனை இதுதான். இப்போதைக்கு அவர் மட்டும் போகட்டும். சாப்பாட்டோடு பி.ஜி.யில் தனி அறை 14,000, மாதம் இரண்டு முறை வந்து போக 4,000 என்று வைத்தாலும் 15,000 உண்மையாகவே மிஞ்சும், உங்கள் தையலும் நிற்காது. ரயிலுக்கு 60 நாள் முன்னாலேயே முன்பதிவு தொடங்கிவிடும், வெள்ளிக்கிழமை ராத்திரி டிக்கெட்டை அன்றைக்கே போட்டுவிடச் சொல்லுங்கள். பிரிந்திருப்பது லேசான காரியமில்லை, பையன் அப்பாவைத் தேடுவான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஏப்ரலில் பள்ளி முடியும்வரை மட்டும் என்கிறேன். அதற்குள் அந்த வேலை நிலைக்குமா, வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுவார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் என் கணக்கை மாற்றும்: இப்போதைய கம்பெனியில் ஆள் குறைக்கிற பேச்சு இருந்தால், காசு மிஞ்சாவிட்டாலும் குடும்பத்தோடு போவதில் நியாயம் இருக்கிறது. ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்கிற வாய்ப்பு அவர் துறைக்கு அங்கே அதிகம். இதை அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

அத்தையிடம் இன்றைக்கே பேசுங்கள். வடவள்ளியில் அவர் காலையில் தனியாக எங்கே நடந்து போகிறார், யாரோடு உட்கார்ந்து பேசுகிறார், மருதமலைக்கு எந்தக் கிழமை போகிறார் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஏழாவது மாடியில், பாஷை தெரியாத ஊரில் அவருக்கு அதில் எது கிடைக்கும் என்பதை அவர் வாயால் கேட்ட பிறகு வீடு தேடத் தொடங்குங்கள்.