ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகள் சேர்ந்து வந்தால் எப்படி உச்சரிப்பது? விதி உண்டா?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி கிடையாது. நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குத் தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன். சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். சி, ஹெச் இரண்டும் சேர்ந்தால், 'சர்ச்' போன்ற பழைய ஆங்கிலச் சொல்லில் 'ச்'. கிரேக்க வழி வந்த 'கெமிஸ்ட்ரி', 'ஸ்டொமக்' இரண்டிலும் 'க'. பிரெஞ்சிலிருந்து பிற்பாடு வந்த 'மெஷின்' என்றால் 'ஷ'. இதற்கும் விதிவிலக்கு உண்டு, சண்டைக்கு வராதீர்கள்.

'நைஃப்' என்ற சொல்லில் முதலில் நிற்கும் கே-யை ஒரு காலத்தில் உச்சரித்துத்தான் வந்தார்கள். பேச்சு மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் 'டெட்' கதை வேறு. கடன் என்று பொருள், எழுத்தில் நடுவே ஒரு பி (b) இருக்கும், உச்சரிப்பில் வராது. 2009-இல் மதுரையில் பி.காம். முதல் வருடம். செமினாரில், கடன் பாக்கி வைத்திருப்பவர்களைக் குறிக்கும் கணக்குச் சொல்லை, அந்த பி-யையும் சேர்த்து 'சண்ட்ரி டெப்டார்ஸ்' என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். ஆசிரியர் நிறுத்தி, "எந்த ஊருப்பா நீ?" என்றார். உசிலம்பட்டிப் பக்கம் என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் மூன்று வருடமும் வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

வேலைக்குப் போன பிறகுதான் அகராதியில் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் பி-யே இல்லை. லத்தீன் மூலமான 'டெபிட்டும்' நினைவுக்கு வரட்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு சொருகிய எழுத்து அது. 'டவுட்'டில் உள்ள பி-யும் (b) 'ரிசீட்'டில் உள்ள பி-யும் (p) அப்படி வந்தவைதான். எழுதியிருந்ததைத்தான் நான் வாசித்தேன்.

உச்சரிப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. தவறு தவறுதான், திருத்துங்கள். ஊரை எதற்கு இழுக்க வேண்டும்? நீங்கள் ஊகிக்காமல், அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷில் ஒரு பி கூடினால் சிரிக்கிற நம் ஊரில், தமிழில் ஒற்று விட்டுப்போனால் யாருக்கும் உறைப்பதில்லை. மதுரை மாசி வீதிகளில் நடந்து பாருங்கள், 'நகை கடை', 'துணி கடை' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு கடைக்காரரிடம் 'க்' போடச் சொன்னேன். "புரியுதுல்லண்ணே, விடுங்க" என்றார்.