ஒன்று புள்ளி நான்கு நொடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 41. அலுவலக வேலையும் பள்ளி செல்லும் மகளும் உண்டு. இரண்டாண்டுகளாக, வயதுவந்தோருக்கான மாஸ்டர்ஸ் பிரிவு நீச்சல் போட்டிகளுக்காகப் பயிற்சி செய்துவருகிறேன். வாரத்தில் ஐந்து நாட்கள் காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன். ஒருநாளும் 3,000 மீட்டருக்குக் குறைவாக நீந்தியதில்லை. ஆனால் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 1 நிமிடம் 20 நொடியாக இருந்த என் நேரம் இன்று 1 நிமிடம் 18.6 நொடி, அவ்வளவுதான். உறக்கத்தையும் உறவினர் வீட்டு விசேஷங்களையும் தியாகம் செய்தது இந்த 1.4 நொடிக்காகவா என்று என் கணவர் கேட்டதில்லை. நானே கேட்கத் தொடங்கிவிட்டேன். பதக்கம் வெல்லப்போவதில்லை என்று தெரிந்த ஒருத்திக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையா? அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது. அதற்குள் தூரத்தை இன்னும் கூட்டலாமா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்த 1.4 நொடியைப் பற்றி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீந்துபவரின் வேகம் கூடும்போது நீரின் எதிர்ப்பு அந்த வேகத்தின் வர்க்கத்தை ஒட்டியும், அதை வெல்ல ஒவ்வொரு நொடியும் செலவிட வேண்டிய ஆற்றல் அதன் மும்மடியை ஒட்டியும் பெருகுகின்றன. உங்கள் வேகம் கூடியிருப்பது இரண்டு சதவீதத்திற்கும் சற்றுக் குறைவாகத்தான். ஆனால் அதே உடல்நிலையில், அதே பாணியில் நீந்தி இதைச் சாதித்திருந்தால் ஒவ்வொரு நொடியும் முன்பைவிட ஐந்து சதவீதத்திற்கு மேல் கூடுதல் ஆற்றலை நீங்கள் செலவிட்டிருக்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர் தசைவலுவால் மட்டும் அதைப் பெற்றிருப்பார் என நான் நினைக்கவில்லை. உங்கள் உடல் நீரில் முன்பைவிடக் கிடையாகக் கிடக்கிறது, எதிர்ப்பு குறைந்திருக்கிறது என்பதே என் ஊகம். நீங்களே அறியாமல் ஒன்றைக் கற்றிருக்கிறீர்கள்.

அடுத்து, தியாகம் என்ற சொல். அது எனக்கு உவப்பானதல்ல. நாலரை மணிக்கு எழுவது ஒரு மாதத்தில் பழகிவிடும்; அதற்காக இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைப்பதுதான் கடினம். மேலும், நீங்கள் குளத்தில் இருக்கும் வேளையில் உங்கள் மகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புபவர் யார் என்று கடிதத்தில் இல்லை. கணவர்தான் என்றால் தியாகக் கணக்கில் அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மாறுபடும் இடம் உங்கள் 3,000 மீட்டர் பெருமை. நானும் பதினோரு ஆண்டுகள் இப்படி நீந்தியவன், முதல் நான்கு ஆண்டுகள் தூரத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவன். பயிற்சியில் நூறு மீட்டரை எட்டு முறை நீந்தக் கொடுக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் இருபது நொடி ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நூறில் 25 மீட்டரை இருபது கைவீச்சில் கடக்கிறீர்கள். ஆறாவது நூறில் எண்ணிப் பாருங்கள், இருபத்து நான்காகியிருக்கும். நீரைப் பிடிக்கும்போது உயர்ந்திருக்க வேண்டிய முழங்கை சரிந்துவிடுகிறது; உள்ளங்கை நீரைப் பின்னுக்குத் தள்ளாமல் அதன் வழியே வழுக்கிச் செல்கிறது; மூச்சுக்காகத் தலை தேவைக்கு மேல் உயர, இடுப்பு தாழ்ந்துவிடுகிறது. கை வேகமாகச் சுழல்வதால் கடுமையாக உழைப்பதாகத்தான் தோன்றும். அந்த நிலையில் நீந்தும் ஒவ்வொரு மீட்டரும் தவறான அசைவையே உடலுக்குப் பழக்குகிறது. ஆறாவது நூறை இருபத்தொரு கைவீச்சுக்குள் வைத்திருக்க முயல்வதும், முடியாதபோது அதை ஒப்புக்கொண்டு அன்றைய பயிற்சியை 2,200 மீட்டரோடு முடித்துக்கொண்டு கரையேறுவதும்தான் நான் அறிந்த கட்டுப்பாடு. களைப்பில் கவனம் எப்படி நழுவும் என்பதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கடைசித் திருப்பத்தில், இரு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்ற விதியை மறந்து, ஒரு கையை முந்தவிட்டேன். தகுதி நீக்கம். வாழ்நாளில் நான் மிக வேகமாக நீந்திய 200 மீட்டர் அது.

பதக்கம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாஸ்டர்ஸ் போட்டிகள் ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளாக நடப்பவை. 45 ஆகும்போது உங்கள் பிரிவில் நீங்களே இளையவர்களில் ஒருவர். ஜப்பானின் மியெகோ நகாவோகா எண்பதை ஒட்டிய வயதில், முழங்கால் உபாதைக்காக நீச்சலுக்கு வந்தவர். 2015-இல், தம் 100 வயதில், 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் பந்தயத்தை 1 மணி 15 நிமிடம் 54.39 நொடியில் நீந்தி முடித்தார். ஒன்றே கால் மணி நேரப் பந்தயத்திலும் நூறில் ஒரு பங்கு நொடிவரை கணக்கெடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். வயதைக் கண்டு கடிகாரம் அவருக்குச் சலுகை காட்டவில்லை.

அடுத்த மாதப் போட்டிக்குத் தூரத்தைக் கூட்டாதீர்கள். கடைசி இரண்டு வாரங்களில் அதை ஏறக்குறைய பாதியாகக் குறையுங்கள். வேகத்தை மட்டும் குறைக்க வேண்டாம். உடல் அதுவரை பெற்ற பயிற்சியைச் செரித்துக்கொள்ளும் காலம் அது. செய்தது போதவில்லை என்ற பதற்றம் வரும், கூடுதலாக ஒரு நாள் நீந்தச் சொல்லும்; அன்று வீட்டில் தூங்குங்கள். போட்டியன்று ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்து வெளிவந்ததும் முதல் கைவீச்சிலேயே மூச்சிழுக்க மனம் தவிக்கும், இரண்டாவதுவரை பொறுத்திருங்கள். கரையில் யாரையாவது நிறுத்தி, கடைசி 25 மீட்டரில் உங்கள் கைவீச்சுகளை எண்ணச் சொல்லுங்கள். எனக்கு நேரத்தை எழுதும்போது அந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.