விளையாட்டுக் கேள்வி பதில்: கூடைப்பந்தில் கார்டாக ஆடும் பிள்ளைகளுக்குப் பாஸ் பயிற்சி

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை முன்னே கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடுகிறாள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவள் கொடுக்கும் பாஸ்கள் அடிக்கடி எதிரணியின் கைக்குப் போய்விடுகின்றன. தினமும் வீட்டுச் சுவரில் எறிந்து பழகுகிறாள். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், திண்டுக்கல்.

பதில்: சுவரில் எறிந்து பழகுவது மணிக்கட்டுக்கு வலுவைத் தரும், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் சுவர் நகர்வதில்லை, அதற்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு யாரும் நிற்பதுமில்லை. நன்றாகத் தட்டி ஓடும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை, ஓட்டத்தை நிறுத்திப் பந்தை இரு கைகளாலும் பிடித்த பிறகே யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடத் தொடங்குவதுதான். தட்டுவதை ஒருமுறை நிறுத்திவிட்டால் மீண்டும் தட்ட விதி இடம் தராது என்பது எதிரணிக்கும் தெரியும் என்பதால், ஒருவர் நெருங்கி ஒட்டிக்கொள்ள, மற்ற நால்வரும் பாஸ் வரக்கூடிய வழிகளில் கை நீட்டி நிற்பார்கள். அந்த நிலையில் எவ்வளவு அழகாக எறிந்தாலும் பந்து பறிபோகவே செய்யும்.

ஆகவே, தட்டிக்கொண்டிருக்கும்போதே தலை நிமிர்ந்திருக்க வேண்டும். தட்டும் கையாலேயே, மற்றொரு கையைச் சேர்க்காமல், பந்தைத் தள்ளிக் கொடுக்கவும் வர வேண்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டிகளில் 15,806 அசிஸ்ட்கள் (பெற்றவர் உடனே கூடை போட வழிசெய்யும் பாஸ்கள்) கொடுத்து, இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையை வைத்திருக்கும் ஜான் ஸ்டாக்டன் ஆறடி ஓர் அங்குல உயரமே உடையவர். அவருடைய பழைய ஆட்டங்களின் காணொளிகளை மகளுக்குக் காட்டுங்கள். பந்து தரையிலிருந்து எழும்பிக் கையைத் தொட்ட அதே நொடியில் பாஸாகப் புறப்பட்டுவிடுவதால், தடுப்பவருக்குக் கை நீட்ட நேரமே கிடைப்பதில்லை. இதை இடக்கையாலும் பழக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தவறவிடுவது அதைத்தான்.

அடுத்தது, தடுப்பவரின் கைகளைப் படிப்பது. அவர் கைகள் தாழ்ந்திருந்தால் காதோரமாக நேர் பாஸ் போகும். உயர்ந்திருந்தால் இடுப்புக்குக் கீழே, தரையில் பட்டு எழும்பும் பவுன்ஸ் பாஸ் போகும். பவுன்ஸ் பாஸ், தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கடந்து தரையைத் தொட வேண்டும். காலடியிலேயே குத்தினால் மெதுவாக எழும்பி எதிராளிக்கு விருந்தாகிவிடும். பெறுபவர் எந்தப் பக்கம் காக்கப்படுகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கக் கையைக் குறிவைக்க வேண்டும். பறிபோகும் பாஸ்களில் ஒரு பகுதி, நின்ற இடத்திலேயே பந்துக்காகக் காத்திருக்கும் தோழிகளின் தவறு என்பதையும் பயிற்சியாளர் கவனிக்க வேண்டும். பந்தை நோக்கி ஓரடி எடுத்து வைத்துப் பெறுவது அவர்களுடைய கடமை. எல்லாப் பழியையும் கொடுப்பவள்மேல் போட்டால், அந்தப் பெண் பாஸ் கொடுக்கவே அஞ்சத் தொடங்குவாள்.

பயிற்சிக்கு ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். அரை மைதானத்தில் மூவருக்கு மூவர் நின்று, தட்டாமல், பாஸ் மட்டுமே கொடுத்து ஆடச் சொல்லுங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்றுதான் விதி இருந்தது. தட்டுவது பின்னால் வந்தது. அந்தப் பழைய முறையில் பத்து நிமிடம் ஆடினாலே கண் திறந்துகொள்கிறது. பெரியகுளத்தில் பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டி உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே அழைத்துச் சென்று, பந்தை விட்டுவிட்டுக் கார்டின் தலையையும் கண்களையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் பந்தையே கொடுக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்.

பதில்: கூடாது. ஆண்களின் 7ஆம் எண் பந்து ஏறத்தாழ 600 கிராம் எடையுள்ளது. அதைப் பத்து வயதுப் பிள்ளை மணிக்கட்டால் எறிய முடியாமல் தோளால் தூக்கி எறியும். அந்தப் பழக்கம் பிறகு எளிதில் மாறாது. 12 வயதுக்குட்பட்டோருக்கு 5ஆம் எண் பந்தும், அதற்கு மேற்பட்ட பெண்களுக்கு 6ஆம் எண் பந்தும் பொருத்தமானவை.

கேள்வி: என் மாணவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்தும், பார்க்காமலும் பாஸ் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். அனுமதிக்கலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், கரூர்.

பதில்: பயிற்சியில் அனுமதியுங்கள், ஆசையை முளையிலேயே கிள்ள வேண்டாம். ஆனால் பார்க்காமல் கொடுப்பதாகத் தோன்றும் பாஸ்கூட, முன்பே பார்த்து வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக் கொடுப்பதே என்பதை அவர்களுக்குப் புரிய வையுங்கள். போட்டியில், நேர் பாஸுக்கு வழி இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கொடுத்தவரை, அது போய்ச் சேர்ந்திருந்தாலும், அழைத்துப் பேசுங்கள். வழியே இல்லாதபோது முயன்று தவறவிட்டவரை ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.