வெட்டுத்துண்டு 3 ரூபாய் 40 காசு: நேர்கோட்டு மாதிரிகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கணினி தரவின் மேல் ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டது. சாய்வு (கிடை அச்சில் ஒரு அலகு கூடும்போது கோடு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது) இவ்வளவு, ஒய்-வெட்டுத்துண்டு (கிடை அச்சின் மதிப்பு பூச்சியமாக இருக்கும்போது கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம்) இவ்வளவு என்று இரண்டு எண்களும் கையில் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. (இலங்கை வாசகர்கள் சாய்வு என்ற இடத்தில் படித்திறன் என்று வாசித்துக்கொள்ளலாம்.) ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

ஆட்டோ கட்டணத்தை வைத்து ஒரு செயல்திட்டம் செய்தேன். "கட்டணம் = 12 × தூரம் + 3.4" என்று சமன்பாடு வந்தது. "தூரம் பூச்சியம் என்றால் கட்டணம் 3 ரூபாய் 40 காசு" என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். சமன்பாடு தவறா? (பிளஸ் 1 மாணவி)

சமன்பாடு சரி, வாக்கியம்தான் தவறு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

நீங்கள் எடுத்துக்கொண்டது தமிழ்நாடு அரசு 2013 ஆகஸ்டில் அறிவித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். 5 கிலோமீட்டர் போனால் 25-உம், மீதி 3.2 கிலோமீட்டருக்கு 38.40-உம் சேர்ந்து 63.40 ஆகிறது. உங்கள் சமன்பாட்டில் போட்டாலும் அதே 63.40 வரும். ஆனால் அந்தச் சமன்பாடு 1.8 கிலோமீட்டரில்தான் உயிர் பெறுகிறது. அதற்கு முன்னால் கட்டணம் படுத்த கோடு. தெருமுனையில் இறங்கினாலும் 25 ரூபாய்தான். நீங்கள் சாய்ந்த கோட்டை அதன் எல்லைக்கு வெளியே, பின்பக்கமாக நீட்டி, செங்குத்து அச்சை அது வெட்டும் இடத்தைப் படித்துவிட்டீர்கள். அந்த 3 ரூபாய் 40 காசுக்கு எந்த ஆட்டோவும் ஓடவில்லை.

அப்படியானால் அந்த எண் பொருளற்றதா? இல்லை. 1.8 கிலோமீட்டருக்கு 12 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 21.60 வரும். வாங்குவதோ 25. இடையில் உள்ள வேறுபாடு சரியாக 3.40. குறைந்தபட்சக் கட்டணத்துக்குள், கிலோமீட்டர் கணக்குக்கு மேலாக வைக்கப்பட்டிருக்கும் தொகை அது. 1.8 கிலோமீட்டரைத் தாண்டிய எல்லாப் பயணங்களிலும் அது ஒரே அளவில் இருக்கும். இதையே எழுதுங்கள், ஆசிரியர் அடிக்க மாட்டார். இரவில் கட்டணம் ஒன்றரை மடங்கு ஆகும்போது சாய்வு 18, வெட்டுத்துண்டு 5.10 என்று இரண்டும் மாறும். வழியில் காத்திருந்ததற்குத் தனியாகக் கொடுத்தால் சாய்வு அப்படியே இருக்கும், கோடு முழுவதும் மேலே நகரும். இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரே வரைபடத்தில் வரைந்து பாருங்கள். செயல்திட்டத்துக்கு நல்ல மூன்றாம் பக்கம் கிடைக்கும்.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பயிற்சிக்காகத் தரப்படும் கார்கள் பற்றிய தரவில் கோடு போட்டேன். வெட்டுத்துண்டு மைனஸ் 17.58 அடி. நிற்கும் கார் மைனஸ் 17 அடி ஓடி நிற்குமா? (வேலை மாற முயலும் பொறியாளர்)

பலரும் இந்த மைனஸைப் பார்த்துவிட்டு, "பூச்சியம் தரவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, கண்டுகொள்ள வேண்டாம்" என்று கடந்துபோகிறார்கள். அந்த விடை பல இடங்களில் பொருந்தும். இங்கே அது போதாது.

இது 1920-களில் பதிவான தரவு. 50 அளவீடுகள், வேகம் மணிக்கு 4 முதல் 25 மைல் வரை, நிற்க ஓடிய தூரம் அடியில். சாய்வு 3.93: வேகம் மணிக்கு ஒரு மைல் அதிகமாக இருந்த கார்கள் சராசரியாக ஏறக்குறைய 4 அடி கூடுதலாக ஓடி நின்றன. இனி 4 மைல் வேகத்தைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். விடை மைனஸ் 1.85 அடி. 4 மைல் தரவுக்கு உள்ளேயே இருக்கிறது! அந்த வேகத்தில் உண்மையில் பதிவானவை 2 அடியும் 10 அடியும். ஆக, எல்லைக்கு உட்பட்ட இடத்திலேயே கோடு நடக்க முடியாத ஒன்றைச் சொல்கிறது.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கை மிதிக்கும் வரை ஓடும் தூரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். இரண்டும் சேர்ந்தால் மேல்நோக்கி வளையும் கோடு. அதன் நடுப்பகுதிக்குப் பொருந்தும்படி ஒரு நேர்கோட்டை வைத்தால், இடது முனையில் அது அச்சுக்குக் கீழே இறங்கித்தான் ஆகும். அந்த மைனஸ் 17.58, "இங்கே ஒரு வளைவு இருக்கிறது" என்று தரவு தரும் அடையாளம். வேகத்தின் வர்க்கத்தையும் மாதிரியில் சேர்த்துப் பாருங்கள்.

நேர்கோட்டையே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் என்றால் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வேகத்திலிருந்தும் சராசரி வேகமான 15.4-ஐக் கழித்துவிட்டு மீண்டும் கோடு போடுங்கள். சாய்வு மாறாது. வெட்டுத்துண்டு 43 அடியாக வரும். "மணிக்கு 15.4 மைல் வேகத்தில் வந்த கார் சராசரியாக 43 அடி ஓடி நின்றது" என்று சொல்ல முடிகிற எண் அது.

காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அளவை ஆண்டோடு சேர்த்துக் கோடு போட்டால் வெட்டுத்துண்டு மைனஸ் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. எங்கே தவறினேன்?

எங்கும் தவறவில்லை. ஆண்டை 1960, 2020 என்று அப்படியே கொடுத்திருக்கிறீர்கள், அதனால் உங்கள் பூச்சியம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் போய் நிற்கிறது. ஹவாயின் மௌனா லோவாவில் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் தொடங்கிய அளவீட்டில் 1960-இன் ஆண்டுச் சராசரி பத்து லட்சத்தில் ஏறக்குறைய 317 பங்கு, 2020-இல் 414. இந்த இரு புள்ளிகளை மட்டும் இணைத்தாலே சாய்வு ஆண்டுக்கு 1.62, வெட்டுத்துண்டு மைனஸ் 2,850-ஐ ஒட்டி வரும். 1960-ஐப் பூச்சியமாக வைத்து எண்ணுங்கள். வெட்டுத்துண்டு 317 ஆகிவிடும்: தொடங்கிய ஆண்டின் அளவு.

ஆனால் இந்தத் தரவில் என்னை உறுத்துவது வெட்டுத்துண்டு அல்ல, அந்த 1.62. 1960-களில் ஆண்டுக்கு ஒரு பங்குகூடக் கூடவில்லை. 2010-களில் ஆண்டுக்கு இரண்டு பங்குக்கு மேல் கூடியது. அறுபது ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே சாய்வைச் சொன்னால், உயர்வு வேகமெடுத்துக்கொண்டே வருகிறது என்ற முக்கியமான செய்தி அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறது. பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்துச் சாய்வு கண்டுபிடியுங்கள்.

என் சாய்வு 0.0065 மட்டுமே. இவ்வளவு சிறியது என்றால் தொடர்பு இல்லை என்று எழுதிவிடலாமா?

கூடாது. சாய்வுக்கு அலகு உண்டு. அலகை மாற்றினால் எண் மாறும். உயரம் கூடக் கூட வெப்பநிலை குறைவதைக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்வது சர்வதேச வழக்கம். மீட்டரில் சொன்னால் அதுவே 0.0065. எண் ஆயிரம் மடங்கு சுருங்கிவிட்டது என்பதற்காக ஊட்டியில் குளிர் குறைந்துவிடவில்லை. கோயம்புத்தூருக்கும் ஊட்டிக்கும் உயர வேறுபாடு 1,800 மீட்டருக்குச் சற்று மேல். பெருக்கினால் ஏறத்தாழ 12 டிகிரி. கம்பளி தேட வைக்கும் வேறுபாடு அது. தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பதை ஒட்டுறவுக் கெழுவிடம் (புள்ளிகள் கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதை மைனஸ் 1 முதல் 1 வரை சொல்லும் அலகில்லா எண்) கேளுங்கள். சாய்வு சொல்வது எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும்.

நானும் மனைவியும் நல்ல உயரம். பெற்றோர் உயரத்துக்கும் பிள்ளைகள் உயரத்துக்கும் உள்ள சாய்வு ஒன்றுக்கும் குறைவு என்று படித்தேன். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை எல்லோரும் குள்ளமாகிக்கொண்டே போவோமா? (ஒரு தந்தை)

இந்தக் குழப்பத்துக்கு நூற்று நாற்பது ஆண்டு வயது. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்து இதை ஆராய்ந்தார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்து, தாய் தந்தை இருவரின் சராசரியை எடுத்துக்கொண்டார். சாய்வு மூன்றில் இரண்டு. மொத்தச் சராசரி 68.25 அங்குலம்.

உங்கள் இருவரின் அந்தச் சராசரி 72 அங்குலம் என்று வைப்போம். பொதுச் சராசரியைவிட 3.75 அதிகம். அதில் மூன்றில் இரண்டு பங்கு 2.5. உங்களைப் போன்ற பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளின் உயரம் சராசரியாக 70.75 அங்குலம். உங்களைவிடச் சற்றுக் குறைவு, ஊரைவிட அதிகம். மறுபக்கத்தையும் பாருங்கள்: குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிட உயரமாக இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நடுவை நோக்கி நகர்ந்தாலும், ஒவ்வொரு குடும்பத்திலும் பிள்ளைகள் அந்தச் சராசரிக்கு மேலும் கீழுமாகச் சிதறிப் பிறப்பதால் மொத்தப் பரவல் குறைவதில்லை. யாரும் குள்ளமாகிக்கொண்டே போகவில்லை.

இந்தக் கோட்டின் வெட்டுத்துண்டு 22.75 அங்குலம். பூச்சிய உயரப் பெற்றோர் கிடையாது என்பதால் அதற்குத் தனிப் பொருள் தேட வேண்டாம். கோட்டைச் சரியான உயரத்தில் தூக்கி நிறுத்தும் முளை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையின் உயரத்திலிருந்து பெற்றோரின் உயரத்தைக் கணிக்க விரும்பினால் சாய்வைத் தலைகீழாக்கி இரண்டில் மூன்று என்று போடத் தோன்றும். கால்டன் தன் தரவில் கண்டது மூன்றில் ஒன்று! சராசரியைவிட 3 அங்குலம் உயரமான பிள்ளைகளின் பெற்றோர் சராசரியைவிட ஒரு அங்குலம்தான் உயரம். எதிலிருந்து எதைக் கணிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோடே வேறு. அச்சுகளை இடம் மாற்றினால் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

இப்படி நடுவுக்குத் திரும்புவதிலிருந்துதான் தரவுக்குக் கோடு போடும் இந்த முறைக்கு "ரிக்ரெஷன்" (பின்னோக்கித் திரும்புதல்) என்ற ஆங்கிலப் பெயர் வந்தது. நம் பாடநூல்களின் "தொடர்புப் போக்கு" என்ற சொல்லில் அந்தத் திரும்புதல் இல்லை. இலங்கையில் வழங்கும் "பிற்செலவு" என்ற சொல்லில் இருக்கிறது. செலவு என்றால் பழந்தமிழில் பயணம்.

சுருள்வில் சோதனையில் எடைக்கும் நீட்சிக்கும் கோடு போட்டால் வெட்டுத்துண்டு பூச்சியமாக வர வேண்டும். எனக்கு 0.4 சென்டிமீட்டர் வருகிறது. ஆதி (இரண்டு அச்சுகளும் சந்திக்கும் பூச்சியப் புள்ளி) வழியாகப் போகும்படி கட்டாயப்படுத்திவிடவா?

வேண்டாம். அந்த 0.4-ஐ விசாரியுங்கள். தட்டின் எடையைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம், அளவுகோலின் பூச்சியத்தைச் சரியாக வைக்காமல் இருந்திருக்கலாம். கோட்டை ஆதிக்கு இழுத்துக் கட்டினால் பிழை மறைவதில்லை, சாய்வுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தச் சாய்விலிருந்து நீங்கள் கணக்கிடும் வில் மாறிலியும் (வில்லின் விறைப்பைச் சொல்லும் எண்) கெட்டுவிடும். நீட்சிக்குப் பதில் வில்லின் மொத்த நீளத்தை அளந்திருந்தால் வெட்டுத்துண்டு என்பது எடை தொங்காத வில்லின் நீளம். கடலுக்கடியில் அழுத்தமும் இதே வகை: ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, வெட்டுத்துண்டு 1. நீர்மட்டத்திலேயே நம் தலைமேல் காற்று இருக்கிறதல்லவா? அங்கே ஆதி வழியாகக் கோடு போட்டால்தான் தவறு.

கோட்டை எதிர்காலத்துக்கு எவ்வளவு தூரம் நீட்டலாம்?

நேச்சர் இதழில் 2004-இல் ஒரு குறுங்கட்டுரை வந்தது. ஒலிம்பிக் 100 மீட்டரில் வென்றவர்களின் நேரங்களுக்கு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரு கோடுகள். பெண்களின் கோடு வேகமாக இறங்குவதால் 2156-இல் பெண்கள் ஆண்களை முந்துவார்கள் என்று முடிவு. பெண்களுக்கு அந்தப் போட்டி தொடங்கியதே 1928-இல்தான். முக்கால் நூற்றாண்டுத் தரவை அதைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு நீட்டிவிட்டார்கள். அதே கோடுகளை இன்னும் சில நூற்றாண்டுகள் நீட்டினால் ஓடத் தொடங்கும் முன்பே ஓடி முடித்துவிடுவார்கள். எத்தனை ஆண்டு நீட்டலாம் என்பதற்கு விதி கிடையாது. அந்தச் சாய்வை உண்டாக்கும் காரணங்கள் அதுவரை நீடிக்கும் என்று உங்களால் வாதிட முடிய வேண்டும்.

தேர்வில் சாய்வை விளக்கும் வாக்கியத்தை எப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்?

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று. பீறிடும் நேரம் நிமிடத்தில், அடுத்த பீறிடலுக்கான இடைவெளியும் நிமிடத்தில், 272 பதிவுகள். கோடு: இடைவெளி = 33.5 + 10.7 × பீறிடும் நேரம்.

"நேரத்தை ஒரு நிமிடம் கூட்டினால் இடைவெளி 10.7 நிமிடம் கூடும்" என்று எழுதுவார்கள். ஊற்றின் நேரத்தை யாரும் கூட்டவில்லை. அது தானாகப் பீறிட்டது, நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒரு நிமிடம் கூடுதலாகப் பீறிட்டபோது, அடுத்ததற்கான இடைவெளி சராசரியாக 10.7 நிமிடம் அதிகமாக இருந்தது" என்று எழுதுங்கள். "சராசரியாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், இரண்டு இடத்திலும் அலகைச் சொல்லுங்கள். 33.5-ஐப் பற்றிக் கேட்டால், தரவில் மிகக் குறுகிய பீறிடலே 1.6 நிமிடம் என்பதையும், பீறிடாத ஊற்றுக்கு "அடுத்த" பீறிடல் என்பதே இல்லை என்பதையும் எழுதலாம். விடைத்தாளில் இடம் இருந்தால் புள்ளிகளையும் வரைந்துவிடுங்கள். இந்த ஊற்றின் புள்ளிகள் குறுகியவை, நீண்டவை என்று இரண்டு கும்பல்களாகப் பிரிந்து நிற்கும். நடுவில் ஏறக்குறைய வெற்றிடம். அந்தப் பிளவைப் பற்றிச் சமன்பாட்டில் ஒரு எழுத்துகூட இல்லை.