மார்க்ஸ் எழுதியது எது, எங்கெல்ஸ் எழுதியது எது?

கேள்வி: முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். மேற்கோள்களில் எல்லா இடத்திலும் 'மார்க்ஸ்–எங்கெல்ஸ்' என்றே போட்டுவிடலாமா? 'மூலதனம்' மூன்று பாகங்களுக்கும் மார்க்ஸ் பெயர் மட்டும் போதுமா?

பதில்: அப்படிப் பொதுவாகப் போடாதீர்கள். நாற்பது ஆண்டு நட்புதான், ஆனாலும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கதை இருக்கிறது.

உங்களுக்குச் சிக்கல் 'மூலதனம்'தான். முதல் பாகம் 1867இல் மார்க்ஸே வெளியிட்டது. 1883இல் அவர் இறந்த பிறகு, கையெழுத்துப் பிரதிகளிலிருந்து இரண்டாம் பாகத்தை 1885இலும் மூன்றாம் பாகத்தை 1894இலும் கொண்டுவந்தவர் எங்கெல்ஸ். மூன்றாம் பாகத்தின் நான்காம் அத்தியாயத்துக்கு மார்க்ஸ் விட்டுச்சென்றது தலைப்பு மட்டும். உள்ளே இருப்பது முழுக்க எங்கெல்ஸ் எழுத்து. பெரிய சேர்க்கைகளை அடைப்புக்குறிக்குள் போட்டுத் தன் பெயரின் முதலெழுத்துகளையும் குறித்திருக்கிறார். அந்தப் பத்திகளை மார்க்ஸ் சொன்னதாக எழுதினால் நல்ல தேர்வாளர் பிடித்துவிடுவார். ஆகவே 'மார்க்ஸ், பதிப்பு: எங்கெல்ஸ்' என்று குறிப்பிடுங்கள். அவர் கைவைக்காத மூலப் பிரதியும் இப்போது அச்சில் கிடைக்கிறது. லாப விகித வீழ்ச்சி (முதலாளித்துவத்தில் லாப விகிதம் போகப்போகக் குறையும் என்ற மூன்றாம் பாகத்தின் வாதம்) பற்றி எழுதுவதாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அட்டையில் உள்ள பெயரையும் அப்படியே நம்ப முடியாது. 1851–52இல் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் மார்க்ஸ் பெயரில் வந்த 'ஜெர்மனியில் புரட்சியும் எதிர்ப்புரட்சியும்' கட்டுரைகளை எழுதியவர் எங்கெல்ஸ். 1896இல் நூலானபோதும் மார்க்ஸ் பெயர்தான். 1913இல் இருவரின் கடிதங்கள் வெளிவந்த பிறகே விஷயம் தெரிந்தது.

'கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை', 'ஜெர்மன் சித்தாந்தம்' இரண்டுக்கும் கூட்டுப் பெயர் சரி. பின்னதன் பிரதி பெரும்பாலும் எங்கெல்ஸ் கையெழுத்தில் இருக்கிறது. அதை வைத்துக் கருத்தும் அவருடையது என்று கிளம்பிவிடாதீர்கள். மார்க்ஸின் கையெழுத்து படிக்க லாயக்கில்லாதது, அவ்வளவுதான்.

'டூரிங்குக்கு மறுப்பு' எங்கெல்ஸ் நூல், அதில் ஓர் அத்தியாயம் மட்டும் மார்க்ஸ் கொடுத்தது. அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் மார்க்ஸுக்கு வாசித்துக் காட்டியதாக 1885 முன்னுரையில் எங்கெல்ஸ் சொல்கிறார். அந்த முன்னுரை வந்தபோது அதை ஆமோதிக்கவோ மறுக்கவோ மார்க்ஸ் உயிரோடு இல்லை. 1870இல் எங்கெல்ஸ் மான்செஸ்டரை விட்டு லண்டனுக்கே குடிவந்துவிட்டதால் கடிதங்களும் குறைந்துபோயின, நேரிலேயே பேசிக்கொண்டார்கள். அதனால் அந்த நூலின் கருத்துகளை மார்க்ஸ் தலையில் ஏற்றுவதற்கு முன், அவர் தாமே எழுதிய வரி ஒன்றாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.