'மை', 'மைன்' எது எங்கே? ஆங்கிலம் அறிவோம்: கேள்வி – பதில்

'மை', 'மைன்' இரண்டுக்கும் 'என்னுடைய' என்றே பொருள் சொல்கிறார்கள். எதை எப்போது போடுவது?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

அடுத்துப் பெயர்ச்சொல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 'மை': 'திஸ் இஸ் மை பென்'. வராவிட்டால் 'மைன்': 'திஸ் பென் இஸ் மைன்'. 'மைன்' என்பதற்கு 'என்னுடையது' என்று எழுதிப் படியுங்கள், பாதிக் குழப்பம் தீரும். 'யுவர் – யுவர்ஸ்', 'ஹெர் – ஹெர்ஸ்', 'தெயர் – தெயர்ஸ்' எல்லாம் இதே கணக்குதான். 'ஹிஸ்' மட்டும் இரண்டு இடத்திலும் மாறாது.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். 'என்னுடைய இந்தச் சட்டை' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'மை திஸ் ஷர்ட்' தவறு. 'மை', 'திஸ்', 'த', 'ஏ' எல்லாம் ஒரே இருக்கைக்கு வருகிறவை. ஒன்று உட்கார்ந்துவிட்டால் மற்றதற்கு இடமில்லை. அதனால் 'மை'யை எடுத்துவிட்டு, கடைசியில் 'ஆஃப் மைன்' சேர்க்க வேண்டும்: 'திஸ் ஷர்ட் ஆஃப் மைன்'. 'என் நண்பர் ஒருவர்' என்பதும் இப்படித்தான்: 'ஏ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்'. இங்கே 'ஆஃப் மீ' என்று எழுதாதீர்கள்.

'ஐ வாஷ்ட் ஹேண்ட்ஸ்' என்று எழுதினேன். ஆசிரியர் நடுவில் 'மை' சேர்த்தார். யார் கை என்றுதான் தெரிகிறதே?
– பத்தாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

நல்ல கேள்வி. 'கை கழுவினேன்' என்றால் நம் கைதான் என்பது தமிழில் விளங்கிவிடும். ஆங்கிலம் அப்படி விடாது. உடலுறுப்பு, உடுப்பு, உறவு மூன்றுக்கும் உரியவரைச் சொல்லியே ஆக வேண்டும்: 'ஷி பிரஷ்ட் ஹெர் டீத்', 'ஹீ டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்', 'மை மதர் இஸ் அட் ஹோம்'. ஆனால் அடியோ தொடுகையோ பட்ட ஆளை முதலிலேயே சொல்லிவிட்டால் 'த' போதும்: 'த பால் ஹிட் மீ ஆன் த ஹெட்'.

இன்னொன்று. 'ரவி, குமாரிடம் தன் சாவியைக் கொடுத்தான்' என்றால் அது ரவியின் சாவி, சந்தேகமே இல்லை. நம் 'தன்' அவ்வளவு துல்லியமானது. ஆங்கிலத்தில் 'ஹிஸ் கீ' என்றால் ரவியுடையதாகவும் இருக்கலாம், குமாருடையதாகவும் இருக்கலாம். குழப்பம் வரும் இடத்தில் 'ஹிஸ் ஓன் கீ' என்றோ, பெயரையே திரும்பச் சொல்லியோ எழுதுங்கள்.

விடுப்புக் கடிதத்தின் முடிவில் வரும் 'யுவர்ஸ்' என்பதில் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி ’) உண்டா?
– வாசகர், மதுரை

கிடையாது. 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', 'யுவர்ஸ் சின்சியர்லி' இரண்டிலும் 'எஸ்'ஸுக்கு முன் அப்பாஸ்ட்ரஃபி போடுவது பிழை. 'ஹெர்ஸ்', 'தெயர்ஸ்' சொற்களுக்கும் வேண்டாம். 'இட்ஸ்' எழுதும்போது, அந்த இடத்தில் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படியுங்கள். பொருள் சரியாக வந்தால் குறி உண்டு. 'அதன்' என்ற பொருள் வந்தால் குறி இல்லை.

மாணவர்கள் பலருக்குச் சொந்தமானது என்றால் குறி எங்கே வரும்?
– ஆசிரியை, ஈரோடு

ஒரு மாணவர் என்றால் 'எஸ்'ஸுக்கு முன்னால். 'ஸ்டூடன்ட்ஸ்' என்று பன்மையானால் 'எஸ்'ஸுக்குப் பின்னால். 'சில்ட்ரன்', 'மென்', 'விமென்' ஆகிய பன்மைகள் 'எஸ்'ஸில் முடியாதவை. அவற்றுக்குக் குறி போட்டு, பிறகு 'எஸ்' சேர்க்க வேண்டும்.